விரல் சொல்லாமல் கியர் மாறலாமா: யூசிஐ கருவி விதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
சைக்கிள் கருவிகளுக்கான விதிகளை வகுப்போர்,
சர்வதேச சைக்கிள் ஓட்டச் சம்மேளனம் (யூசிஐ),
ஏகிள், சுவிட்சர்லாந்து.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். வீரர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் டைம் டிரையல் பந்தயத்துக்கான சைக்கிள்களில் மின்னணுக் கியர் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் முடிந்து வெகுநாளாகிவிட்டது. அதைத் திரும்பக் கிளற இந்த மடலை எழுதவில்லை. வீரரின் விரல் பொத்தானைத் தொடாமலேயே, உணரிகள் தரும் கணக்கை வைத்துச் சைக்கிள் தானே கியரை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அடுத்து நிற்கிறது. அது டைம் டிரையலுக்குள் நுழையலாமா, நுழைந்தால் எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும் என்பதே என் பொருள்.

நான் சென்னையில் வசிக்கும் மின்னணுப் பொறியாளன். ஞாயிறு அதிகாலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏரோ பார் மேல் குனிந்து கடிகாரத்தோடு மல்லுக்கட்டும் கூட்டத்தில் ஒருவன்; பதக்கம் வாங்கும் தகுதி எனக்கில்லை. ஆயினும் ஏகிளில் எழுதப்படும் விதி, இந்திய சைக்கிள் ஓட்டச் சம்மேளனத்தின் வழியாக, சாக்ஸின் உயரம் வரைக்கும் எங்கள் பக்கத்துப் போட்டிகளுக்கும் வந்து சேர்கிறது. விதி எழுதப்படும் இடத்தில் இல்லாதவர்களுக்கும் அதைப் பற்றிப் பேச உரிமை உண்டு என்பதால் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், இதை முதலில் படித்துச் சண்டைபோட வேண்டியவர்கள் என்னோடு சைக்கிள் மிதிப்பவர்கள்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூசிஐ நடத்தும் உயர்நிலை டைம் டிரையல்களில், பின்கியர் மாற்றம் (பின்சக்கரத்தின் பல்சக்கரங்களுக்கிடையே செயின் தாவுவது) ஒவ்வொன்றும் வீரரின் உடல் அசைவிலிருந்து தொடங்க வேண்டும் என்று விதி எழுதுங்கள். அப்படிப்பட்ட கருவி ஒன்று பந்தயத்தை வென்று, தோற்றவர்கள் முறையிட்ட பிறகல்ல, அதற்கு முன்பே எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகளின் பாரா சைக்கிள் ஓட்டத்துக்கு அந்த விதியிலிருந்து விலக்குக் கொடுங்கள். அமெச்சூர்களையும் டிரையத்லான்காரர்களையும் அவரவர் போக்கில் விட்டுவிடுங்கள்.

புதியது எதையும் வெறுக்கும் பழமைவாதி என்று என்னை நினைத்துவிட வேண்டாம். டூர் டி பிரான்ஸில் 1937 வரை பல்சக்கரம் தாவும் கியர் மாற்றிக்கு அனுமதியில்லை. போட்டியை உருவாக்கிய ஆன்ரி தெகிராஞ்சுக்கு அது வீரத்துக்கு இழுக்காகத் தெரிந்தது. அவர் விலகிய மறு ஆண்டே அது உள்ளே வந்தது, வீரம் ஒன்றும் குறைந்துபோகவில்லை. இன்றைக்கு நான் கேட்பது அவருடைய தடையின் மறுபதிப்பாகிவிடக் கூடாது என்ற கவலை எனக்கே உண்டு. ஆகவே தானியங்கிக் கியரை ஓர் உணர்ச்சிக்காக எதிர்க்காமல், அது உண்மையில் என்ன செய்கிறது, எதைச் செய்ய இயலாது, நாளை எதைச் செய்யக்கூடும் என்று பிரித்துப் பார்க்க முயல்கிறேன்.

மின்னணுக் கியர் டைம் டிரையலுக்குக் கொடுத்த பெரிய கொடை எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். விரைவாக மாறுகிறது, துல்லியமாக மாறுகிறது என்பார்கள். அது சாலைச் சைக்கிளுக்கும் பொருந்தும் பாராட்டு. டைம் டிரையல் சைக்கிளில் இரண்டு பிடிகள் இருக்கின்றன: காற்றைக் கிழித்துக் குனிந்திருக்க முன்னோக்கி நீளும் ஏரோ பார், வளைவிலும் ஏற்றத்திலும் பிடித்துக்கொள்ளப் பிரேக்கோடு கூடிய அகன்ற கைப்பிடி. கம்பி இழுத்துக் கியர் மாற்றிய காலத்தில் கியர் நெம்புகோல் ஏரோ பாரின் நுனியில் மட்டும் இருந்தது. வளைவில் பிரேக் பிடித்தபடி அகன்ற கைப்பிடியில் இருப்பவர், கியர் மாற்ற வேண்டுமென்றால் ஒரு கையை எடுத்து முன்னே கொண்டுபோக வேண்டும். இருக்கையிலிருந்து எழுந்து மிதிப்பவருக்கோ அது ஏறத்தாழ முடியாத காரியம். மின்னணு வந்தபின் பொத்தானை இரு பிடிகளிலும் வைக்கலாமென்றாகி, அந்த ஒரு வசதியே கம்பியை இந்தச் சைக்கிள்களிலிருந்து ஓட்டிவிட்டது. ஒரு கை எடுத்த நிலையில் டைம் டிரையல் சைக்கிள் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு, 2019 ஜூனில் ரோவான் நகரில் டைம் டிரையல் பாதையைப் பார்வையிடும்போது மூக்கைச் சிந்தக் கையை எடுத்த கிறிஸ் ஃபுரூம், காற்று வீசிய நொடியில் சுவரில் மோதி எலும்புகள் நொறுங்கிக் கிடந்ததை நினைத்துக்கொண்டால் போதும்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த துணுக்கு ஒன்று உண்டு. மாவிக் நிறுவனம் 1990களின் முற்பகுதியில் கொண்டுவந்த ஸாப் என்ற கருவியில் மின்சாரம் ஆணை மட்டுமே கொடுத்தது. கியர் மாற்றியை நகர்த்தும் விசை, செயின் ஓட்டத்தால் சுழலும் குட்டிச் சக்கரத்திலிருந்து, அதாவது மிதிப்பவரின் காலிலிருந்தே, வந்தது. அதன் பின் 2009-ஆம் ஆண்டையொட்டி வந்த ஷிமானோ நிறுவனத்தின் டூரா ஏஸ் டிஐ2 கியர் அமைப்பில் மோட்டார் நகர்த்தும் வேலையையும் எடுத்துக்கொண்டது. 2015-இல் வந்த ஸ்ராமின் ஈடேப்பில் கம்பியே போயிற்று. பிறகு, பின்கியரை மாற்றினால் முன்கியர் தானே ஈடுகட்டி நகரும் முறையும் வந்தது. இப்படி விசை முதலில் காலிலிருந்து மோட்டாருக்குப் போயிற்று. முடிவின் ஒரு சிறு துண்டு விரலிலிருந்து மென்பொருளுக்குப் போயிற்று. மிச்சம் இருப்பது, எப்போது மாற்றுவது என்ற முடிவு மட்டும்.

அந்த மிச்சமும் போகக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. ஷிமானோ 2022-இல் மின்மோட்டார் சைக்கிள்களுக்குத் தானியங்கிக் கியரைக் கொடுத்தது. ஸ்ராம் 2023-இல் மின் மலைச் சைக்கிளுக்குக் கொடுத்தது. 2025-இல் ஷிமானோ காட்டிய கியூ ஆட்டோ என்ற அமைப்பு, மோட்டாரே இல்லாத நகரச் சைக்கிளில், பின்சக்கர டைனமோவின் மின்சாரத்தைக் கொண்டு, வேகம், மிதிச்சுற்று (பெடல் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்), சரிவு ஆகியவற்றைப் பார்த்துக் கியர் மாற்றுகிறது. டைம் டிரையல் சைக்கிளில் மோட்டார் வைத்த கியர் மாற்றி இருக்கிறது, மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டர் இருக்கிறது, ஜிபிஎஸ் கணினி இருக்கிறது, இவை ஒன்றோடொன்று பேசும் வானொலி இணைப்பும் இருக்கிறது. தேவைப்படுவது ஒரு மென்பொருள் மேம்படுத்தல். அதற்கு ஒரு கிராம் எடைகூடக் கிடையாது.

இது எப்படி நடந்துகொள்ளும் என்று அறிய நானே ஒன்றைச் செய்துபார்த்தேன். என் சைக்கிளில் தனிப் பொத்தான் செருகும் துளை இருந்ததால், அந்தப் பொத்தானின் இடத்தில் ஒரு சிறிய மைக்ரோகண்ட்ரோலரையும் ரிலேயையும் வைத்து, மிதிச்சுற்று உணரி சொல்லும் எண்ணுக்கு ஏற்பப் பொத்தான் தானே அழுந்துமாறு செய்தேன். போட்டியில் அல்ல, ஆளில்லாத அதிகாலையில், துணைக்கு ஒரு நண்பரைப் பின்னால் வரச்சொல்லி. முன்னால், பெடலோடு சுழலும் 54 பல் கொண்ட ஒற்றைச் செயின்ரிங்; பின்னால், 11 முதல் 25 பல் வரையிலான பல்சக்கர அடுக்கு, அதாவது கேசட். பின்னால் பல் குறையக் குறையக் கியர் கடினமாகும்.

முதல் நாள் நிரல் எளிமையானது. நிமிடத்துக்கு 94 சுற்றை எட்டினால் கடினமான கியர், 89-க்குக் கீழே இறங்கினால் இலகுவான கியர். ஐந்து நிமிடம்கூட ஓட்ட முடியவில்லை. 16 பல்லில் 94 சுற்று மிதிக்கும்போது அது 15 பல்லுக்கு மாற்றியது. அதே வேகத்தில் மிதிச்சுற்று 88 ஆகக் குறைந்தது. 88 என்பது 89-க்குக் கீழே ஆகையால் உடனே 16-க்குத் திரும்பியது. திரும்பியதும் மீண்டும் 94. செயின் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே ஊஞ்சலாடியது. பின்னால் வந்த நண்பர், சைக்கிளுக்கு விக்கல் வந்துவிட்டதா என்று கேட்டார்.

இதை என் நிரலின் குறை என்று தள்ளிவிட முடியாது. பல்சக்கரக் கணக்கிலேயே இருக்கும் சங்கடம் அது. மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் உள்ள இடைவெளி, ஒரு கியர் மாற்றம் உண்டாக்கும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். 16-லிருந்து 15-க்குப் போனால் மிதிச்சுற்று ஆறு விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைகிறது. 12-லிருந்து 11-க்குப் போனால் எட்டு விழுக்காட்டுக்கு மேல். 17-லிருந்து 19-க்கு இறங்கினாலோ கிட்டத்தட்ட பன்னிரண்டு விழுக்காடு ஏறுகிறது. ஊஞ்சலாட்டம் நிற்க வேண்டுமென்றால் தானியங்கி 84-லிருந்து 96 வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு அகலமான வரம்பை, ஒழுங்காகப் பழகிய எந்த டைம் டிரையல்காரரும் தனக்கு அனுமதிக்க மாட்டார். அவர் 91-இலேயே இது சரியில்லை என்று உணர்ந்து மாற்றிவிடுவார், அல்லது அடுத்த ஐம்பது மீட்டரில் காற்று திரும்பும் என்று தெரிந்து மாற்றாமல் பொறுத்திருப்பார்.

எல்லைகளை அகலமாக்கி, ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் தனித்தனி எண் கொடுத்து, அடுத்த வாரங்களில் ஓட்டியபோது சமதரையில் கருவி அடங்கி ஒழுங்காக நடந்தது. முட்டுக்காடு பாலத்தில்தான் அதன் குணம் தெரிந்தது. மலையே இல்லாத எங்கள் சாலையில் அந்தப் பாலம்தான் எங்களுக்கு ஏற்றம். பாலம் கண்ணில் பட்டவுடனே கால் தயாராகிறது. ஏற்றம் தொடங்குமுன் ஒரு கியரைக் குறைத்து, உச்சிக்குப் பத்து மீட்டர் இருக்கும்போதே கூட்டத் தொடங்குவோம். கருவியோ ஏற்றத்தில் மிதிச்சுற்று விழுந்த பிறகே விழித்துக்கொண்டது. அப்போது காலின் முழு அழுத்தமும் பெடல்மேல் இருக்கிறது. அந்த அழுத்தத்தின் கீழ் செயின் மாறும் சத்தம், சைக்கிளை நேசிப்பவர் கேட்கக் கூடாத சத்தம். உச்சியில் நான் முழுமூச்சோடு எழுந்து மிதிக்க நினைத்த நொடியில் அது இன்னும் இலகுவான கியருக்குத் தாவியது, கால் வெற்றிடத்தில் இறங்கியது, முழங்கால் கைப்பிடியில் இடித்தது.

திரும்பு முனை இன்னும் மோசம். எங்கள் ஓட்டங்களில் மாமல்லபுரத்துக்கு முன் ஓர் இடத்தில் கூம்பை வைத்து அரைவட்டமாகத் திரும்புவோம். பிரேக் பிடிக்குமுன் கடைசி மூன்று நான்கு மிதிகளில் மூன்று கியர் குறைத்துக்கொண்டால்தான் திரும்பி வெளிவரும்போது எழுந்து மிதிக்க முடியும். மிதிப்பதை நிறுத்திய பிறகு செயின் ஓடாது, செயின் ஓடாமல் கியர் மாறாது. மின்மோட்டார் சைக்கிள்களில் மோட்டாரே செயினைச் சுழற்றி இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. டைம் டிரையல் சைக்கிளில் அதற்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆகவே என் தானியங்கி திரும்பு முனையில் வாயடைத்து நின்று, திரும்பிய பிறகு நான் இழுத்து மிதிக்கும் முதல் மிதியில் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய முயன்றது.

பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள் என்னைவிட எத்தனையோ மடங்கு திறமையாகச் செய்வார்கள். வேகம், சரிவு, பெடல் விசை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எனினும் உணரி எதுவானாலும் அது நடந்துவிட்டதைத்தான் சொல்கிறது. காற்றழுத்தத்தை வைத்துச் சரிவைக் கணக்கிடும் உணரி தாமதிக்கும். முடுக்கத்தை அளக்கும் உணரி, சைக்கிள் ஏறுகிறதா அல்லது வேகமெடுக்கிறதா என்று குழம்பும். மிதிச்சுற்றை மாறாமல் வைத்திருப்பதே நல்ல ஓட்டம் என்பதும் உண்மையல்ல. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் முப்படி விகிதத்தில் ஏறுவதால், எதிர்காற்றிலும் ஏற்றத்திலும் கொஞ்சம் அதிகம் உழைத்து, பின்காற்றிலும் இறக்கத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பவரே மொத்தத்தில் முந்துகிறார். எங்கே மிதிச்சுற்றைத் தாழவிட்டு அழுத்துவது, எங்கே உயரவிட்டு நெஞ்சுக்கு வேலை கொடுத்துத் தொடைக்கு ஓய்வளிப்பது என்பது அந்த நாளின் உடம்பைக் கேட்டுத்தான் தெரியும்.

எனவே நடந்ததைப் பார்த்து மாறும் தானியங்கியைக் கண்டு நான் அஞ்சவில்லை. அது நல்ல வீரரிடம் தோற்கும். அனுபவமில்லாதவருக்கு அது உதவும் என்பதையும் மறைக்க மாட்டேன். தவறான கியரில் பத்து நிமிடம் அரைத்துக்கொண்டிருக்கும் புதியவரை அது காப்பாற்றும். டிரையத்லானில் நீந்திக் கரையேறி, 180 கிலோமீட்டர் தனியே மிதித்து, அதன்பின் மாரத்தான் ஓட வேண்டியவருக்கு ஆறாவது மணிநேரத்தில் கவனம் சிதறும். அவர் கண்ணைச் சாலையில் வைத்துக் கியரைச் சைக்கிளிடம் விட்டுவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? அந்தப் போட்டி வேறு சம்மேளனத்தின் பொறுப்பு என்றாலும், டைம் டிரையல் சைக்கிள் விற்பவர்களின் கண் அந்தச் சந்தையின்மேல் இருப்பதால், கருவி முதலில் அங்கே வேர்பிடித்துப் பிறகு தங்கள் வாசலுக்கு வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

நான் அஞ்சுவது பாதையை முன்கூட்டியே அறிந்த தானியங்கியைக் கண்டு. டைம் டிரையல் பாதை பல மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்படுகிறது. அணிகள் அதை மீட்டர் மீட்டராக அளக்கின்றன. காற்றின் திசையையும் சாலையின் சொரசொரப்பையும் சேர்த்து எந்த இடத்தில் எத்தனை வாட் என்று திட்டம் போடுகின்றன. அந்தத் திட்டம் இன்று கைப்பிடியில் இருக்கும் திரையில் எண்ணாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதே திட்டத்தை ஜிபிஎஸ் வழியாகக் கியர் மாற்றியோடு இணைத்துவிட்டால், பாலம் வருமுன்னே கியர் குறையும், திரும்பு முனைக்கு முப்பது மீட்டர் முன்னே மூன்று கியர் இறங்கும், உச்சிக்குப் பத்து மீட்டர் முன்னே கூடும். என் ரிலேயால் முடியாத எல்லாம் அதனால் முடியும். அப்போது வீரருக்கு மிஞ்சுவது குனிந்து கொண்டு வாட் கொடுப்பது. சாலையைப் படித்தவர் பொறியாளராகிவிடுகிறார். அதுவும் முந்தைய வாரமே, நாற்காலியில் உட்கார்ந்து.

பின்னால் வரும் காரிலிருந்து பயிற்றுநர் வானொலியில் ஒவ்வொரு வளைவையும் வாசித்துக் காட்டுகிறாரே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வானொலி வீரரின் காதுக்குப் பேசுகிறது. கேட்டபடி செய்வதும் செய்யாமல் விடுவதும், செய்தால் எந்த நொடியில் செய்வது என்பதும் அவர் கையில் இருக்கின்றன. இணைக்கப்பட்ட தானியங்கி வீரரிடம் பேசுவதில்லை, சைக்கிளிடம் பேசுகிறது. திரை எத்தனை எண் காட்டினாலும், அதிர்ந்து நினைவூட்டினாலும் எனக்கு மறுப்பில்லை. அந்தத் தகவல் வீரரின் உடம்பைக் கடந்து போகாமல் நேராகச் செயினுக்குப் போவதே என் மறுப்பு.

2023 மே 27 அன்று இத்தாலியின் மொன்டே லுஸ்ஸாரியில் நடந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜீரோ டி இத்தாலியா என்ற மூன்று வார ஓட்டத்தின் இருபதாம் கட்டம், 18.6 கிலோமீட்டர் மலை டைம் டிரையல். கெரெய்ன்ட் தாமஸ் 26 விநாடி முன்னிலையோடு புறப்பட்டார். பிரிமோஸ் ரோக்லிச் ஏற்றத்தில், குழியில் குலுங்கிச் செயின் கழன்று, இறங்கி நின்று, கையால் மாட்டி, பிறரால் தள்ளிவிடப்பட்டு, மீண்டும் புறப்பட்டார். அப்படியும் தாமஸைவிட 40 விநாடி முந்தி, 14 விநாடி வித்தியாசத்தில் ஜீரோவை வென்றார். மூன்று வார ஓட்டம் ஒரு செயினின்மேல் தொங்கிய அந்தக் காட்சியை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. மலைக்கு எந்த செயின்ரிங், எந்த கேசட் என்ற தேர்வும், குலுங்கிய சாலையில் எப்போது கியர் மாற்றுவது என்ற தேர்வும் அவருடையது, அவருடைய அணியுடையது. ஆகவே விளைவும் அவர்களுடையது. அதே மலையில் மென்பொருள் தானாக மாற்றிய நொடியில் செயின் கழன்றிருந்தால், அது வீரரின் துரதிர்ஷ்டமா, நிறுவனத்தின் பிழையா? தோற்றவர் யாரிடம் முறையிடுவார்? தங்கள் நடுவர் குழுவிடம் அதற்கு என்ன விடை இருக்கிறது?

விதிநூலில் இன்று இருப்பது போதாது. 1.3.010 என்ற பிரிவு, சைக்கிள் கால்களால் மட்டுமே, மின் உதவியோ வேறு உதவியோ இன்றி இயக்கப்பட வேண்டும் என்கிறது. அது உந்துவிசையைப் பற்றிய விதி; முடிவைப் பற்றிய விதியல்ல. மோட்டார் வைத்த கியர் மாற்றி அந்த விதியை மீறவில்லை என்று ஏற்றுக்கொண்ட பின், அந்த மோட்டாருக்கு யார் ஆணையிடலாம் என்று அது எதுவும் சொல்வதில்லை. 1996-இல் லுகானோவில் தாங்கள் எழுதிய சாசனம் இயந்திரத்தைவிட மனிதனே முதன்மை என்றது. நல்ல வாக்கியம், ஆனால் சாசனத்தை வைத்து நடுவர் யாரையும் தகுதிநீக்கம் செய்ய முடியாது. ஏனைய இடங்களில் தாங்கள் போட்ட கோடுகளும் ஒரே திசையில் இல்லை. வீரரின் இரத்தச் சர்க்கரையைக் காட்டும் உணரியை 2021-இல் போட்டியில் தடை செய்தீர்கள். ஓட்டத்தின் நடுவே டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல கருவியை, வீரர் பொத்தானை அழுத்தி இயக்குவதாக, அனுமதித்தீர்கள். மலைச் சைக்கிளிலோ, நிலத்தின் சரிவையும் பெடலையும் பார்த்துத் தானே இறுகவும் தளரவும் செய்யும் சஸ்பென்ஷன் உலகக் கோப்பையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. தானியங்கிக் கியருடன் வருபவர் முதலில் சுட்டிக்காட்டப்போவது அந்த சஸ்பென்ஷனைத்தான். கல்லும் வேரும் நிறைந்த பாதையில் அதிர்வைத் தாங்குவது வேறு, டைம் டிரையலில் உழைப்பைப் பங்கிடுவது வேறு என்று நான் சொல்வேன். விதியிலும் அது சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

மென்பொருளுக்கு விதி எழுதுவது கடினம் என்பதை ஃபார்முலா ஒன் பட்டறிந்தது. 1994-இல் ஓட்டுநருக்கு உதவும் மின்னணு வசதிகளைத் தடை செய்தார்கள்; யார் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாமல் 2001-இல் சக்கரம் வழுக்காமல் தடுக்கும் இழுவைக் கட்டுப்பாட்டையும் முழுத் தானியங்கிக் கியரையும் மீண்டும் அனுமதித்தார்கள்; 2004-இல் தானியங்கிக் கியரைத் திரும்பவும் விலக்கினார்கள்; 2008-இல் எல்லாக் கார்களுக்கும் ஒரே கட்டுப்பாட்டுக் கணினி என்றான பிறகுதான் இழுவைக் கட்டுப்பாட்டுத் தடை நிலைபெற்றது. தங்களிடம் மறைவான மோட்டாரைத் தேடக் காந்தப்புலம் அளக்கும் டேப்லெட்டும் எக்ஸ்ரே கருவியும் இருக்கின்றன. மோட்டாருக்குச் செம்பும் காந்தமும் வேண்டும்; நிரலுக்கு எதுவும் வேண்டாம், அதை எக்ஸ்ரே காட்டாது.

எனினும் வழியில்லாமல் போகவில்லை. மின்னணுக் கியர் அமைப்பால் ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்தோடு பதிவு செய்ய முடியும். பொத்தான் அழுந்தியது ஒரு பதிவு, கியர் மாறியது இன்னொரு பதிவு. இரண்டையும் திருத்த முடியாத மறைகுறியோடு சேமித்து, ஓட்டம் முடிந்ததும் நடுவர் படிக்கும்படி வைக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களிடம் கேட்கலாம். பொத்தான் இல்லாமல் மாறிய கியர் ஒன்று இருந்தாலும் பதிவில் தெரியும். இது வேறொரு நோய்க்கும் மருந்தாகும்: 2024 ஆகஸ்டில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஷிமானோவின் கம்பியில்லா டிஐ2 சமிக்ஞையைப் பதிவு செய்து, பத்து மீட்டர் தொலைவிலிருந்து மீண்டும் ஒலிபரப்பி, பிறருடைய கியரை மாற்ற முடியும் என்று காட்டினார்கள், நிறுவனமும் மென்பொருளைத் திருத்தியது. விரல் தவிர வேறெந்த ஆணைக்கும் செவிசாய்க்காத கியர், வெளியாளின் ஆணைக்கும் செவிசாய்க்காது. என்னைப்போலப் பொத்தானின் இடத்தில் ரிலேயை வைக்கும் குறும்பர்களுக்குப் பழைய முறைதான்: புறப்படுமுன் பொத்தான்களைக் கண்ணால் பார்த்து முத்திரையிடுவது.

விதியின் வாசகம் எப்படி இருக்கலாம் என்று ஒரு முயற்சி. டைம் டிரையல்களில் பின்கியரின் ஒவ்வொரு மாற்றமும் அதே கணத்தில் வீரர் செய்யும் உடல் அசைவால் தொடங்கப்பட வேண்டும். பின்கியரைத் தொடர்ந்து முன்கியர் தானே ஈடுகட்டி நகர்வதும், பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை கியர்கள் வரிசையாக மாறுவதும் அனுமதிக்கப்படும். ஓட்டத்தின்போது கியர் அமைப்பு, இடங்காட்டும் கருவியிடமிருந்தோ, பவர் மீட்டரிடமிருந்தோ, வெளியிலிருந்தோ ஆணை எதையும் பெறலாகாது. தகவல் கியரிலிருந்து திரைக்குப் போகலாம், திரையிலிருந்து கியருக்கு வரலாகாது. அழுத்திப் பிடிக்கும் வசதியைக் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது: பொத்தானை ஒரே முறை தட்டி விட்டு, முன்பே எழுதிவைத்த மாற்ற வரிசையை ஓடவிடும் குறுக்குவழியை யாராவது நிச்சயம் யோசிப்பார்கள். நானே யோசித்துவிட்டேன்.

பாரா சைக்கிள் ஓட்டத்தில் இந்த விதி அப்படியே பொருந்தினால் அது அநியாயமாகும். 2007 முதல் அந்தப் பொறுப்பும் தங்களுடையது. இடதுகை முழுமையாக இயங்காமல் பிறந்த பிரிட்டிஷ் வீராங்கனை சாரா ஸ்டோரி, பாரிஸ் 2024 வரை 19 பாராலிம்பிக் தங்கம் வென்றிருக்கிறார். அவருக்குத் தானியங்கி தேவைப்பட்டதில்லை என்று யாராவது வாதிடலாம். ஒருவரின் மேதைமையைக் காட்டி மற்றவர்களின் தேவையை மறுக்க முடியாது. இரு கைகளும் இயங்காதவர், விரல் அசைவில் நடுக்கம் உள்ளவர், கையாலேயே மிதித்துக் கையாலேயே திருப்பும் ஹேண்ட்சைக்கிள்காரர் ஆகியோருக்குக் கியர் மாற்றம் ஒரு கலையாக இருப்பதற்கு முன் ஒரு தடையாக இருக்கிறது. எந்தப் பிரிவில் எந்த அளவு தானியக்கம் என்பதை அந்தந்தப் பிரிவின் வீரர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். நான் மேலே குறைசொன்ன கருவி மிகுந்த பயன் தரப்போகும் இடம் அதுவே என்று நம்புகிறேன்.

இனி, எப்படி எழுதுவது என்பது பற்றி ஒரு வார்த்தை. 2025 அக்டோபரில் சீனாவின் குவாங்ஷி ஓட்டத்தில் அதிகபட்ச கியரை முன்னால் 54 பல், பின்னால் 11 பல் என்று வரையறுத்துச் சோதிக்கத் திட்டமிட்டீர்கள். பத்துப் பல் சக்கரத்தில் தொடங்கும் கேசட் விற்கும் ஸ்ராம் முறையிட்டது, பெல்ஜியத்தின் வணிகப் போட்டி ஆணையம் இடைநிறுத்தம் விதித்தது, சோதனை நடக்கவில்லை. வேகத்தைக் குறைக்கும் நோக்கத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தை மட்டும் குத்தும் விதி நீதிமன்றத்துக்கே போய்ச் சேரும். தானியங்கிக் கியர் விதியை இப்போதே எழுதினால், டைம் டிரையல் பந்தயத்துக்கென அதை விற்று முதலீட்டைத் திரும்ப எடுக்க வேண்டிய நிலையில் எந்த நிறுவனமும் இன்னும் இல்லாததால், அது யாரையும் தனித்துக் குத்தாது. ஷிமானோ, ஸ்ராம், கம்பனோலோ மூவரையும் வீரர்களின் பிரதிநிதிகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, வரைவை வெளியிட்டு, பொதுமக்களின் கருத்தைக் கேளுங்கள்.

இந்த மடலின் ஆங்கில வடிவத்தைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்புகிறேன். என் ரிலேச் சுற்றின் வரைபடத்தையும், முட்டுக்காடு பாலத்திலும் திரும்பு முனையிலும் பதிவான மிதிச்சுற்று, கியர் எண்களையும் அதனுடன் இணைக்கிறேன். தங்கள் சோதனைக்கூடத்தார் அவற்றைச் சரிபார்த்து, என் கணக்கில் தவறிருந்தால் சுட்டிக்காட்டினால் நன்றியுடன் திருத்திக்கொள்வேன். ரிலேயைக் கழற்றிவிட்டேன். முழங்கால் வீக்கமும் வற்றிவிட்டது.

இப்படிக்கு,
கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள்காரன் ஒருவன்,
சென்னை.